கையை வீசி ஆடும் கேம், ஹாலில் புது டிவி: எதற்குச் செலவு செய்யலாம்?

பிள்ளைகளுக்கு நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் என்ற கேம் பெட்டி வாங்கித் தரலாம் என்று முடிவான வீட்டில் அடுத்த பேச்சு டிவியைப் பற்றித்தான் வரும். தீபாவளி ஆஃபரில் வாங்கிய ஐம்பத்தைந்து இன்ச், இஎம்ஐ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு டென்னிஸ் ஆடப் போகிறார்கள். பந்து திரைக்குள்ளேயேதான் இருக்கும், கன்ட்ரோலர் கைக்குள்ளேயே இருக்குமா என்பதுதான் கவலை.

இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் டிவிக்கு முன்னால் மாட்டும் தடுப்புத் தகடான ஸ்கிரீன் கார்டின் படம் ஒன்றை ஆன்லைனில் பார்த்து அனுப்பி, "இதை வாங்கிடலாமா?" என்பார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அது முதல் செலவாக இருக்க வேண்டியதில்லை, பல வீடுகளில் தேவையே இல்லை. பழைய டிவியைக் கேமுக்கு ஒதுக்குவது, புரொஜெக்டர், கன்ட்ரோலரே இல்லாத கேம், இன்ஷூரன்ஸ் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதைக் காப்பாற்றுகிறது, எதைக் காப்பாற்றாது என்று பார்த்துவிட்டுக் காசை எடுப்பது நல்லது.

பயம் எவ்வளவு நிஜம்?

நிஜம்தான். நின்டெண்டோ 2006 நவம்பரில் அமெரிக்காவில் வீ என்ற கேம் பெட்டியை இறக்கியது. ரிமோட் மாதிரி இருக்கும் கன்ட்ரோலரைக் கையில் வீசினால் திரையில் மட்டை வீசும். கூடவே வீ ஸ்போர்ட்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள்: டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை. கேம் பக்கமே வராத தாத்தா பாட்டிகள்கூட எழுந்து நின்று ஆடினார்கள். சில வாரங்களிலேயே விரிசல் விட்ட டிவிகளின் படங்கள் இணையத்தில் வர ஆரம்பித்துவிட்டன. டிசம்பர் 15 அன்று, அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து, சுமார் 32 லட்சம் மணிக்கட்டுக் கயிறுகளை இலவசமாக மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. முதலில் வந்த கயிற்றின் தடிமன் 0.6 மில்லிமீட்டர், வேகமாக வீசினால் அறுந்துவிடக்கூடியது. மாற்றிக் கொடுத்தது 1 மில்லிமீட்டர். அடுத்த ஆண்டு அக்டோபரில் ரிமோட்டுக்கு ஒரு சிலிகான் உறையும் இலவசமாக வந்தது. வழுக்காது, மோதினாலும் அடி கொஞ்சம் மெத்தென்று விழும்.

கயிறு அறுந்தது ஒரு பாதிக் கதைதான். இன்னொரு பாதி, கை எப்படிப் பழகியிருக்கிறது என்பது. வீ ஸ்போர்ட்ஸ் பௌலிங்கில் ரிமோட்டின் அடியில் இருக்கும் 'பி' பட்டனை அழுத்திக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பட்டனை விட வேண்டும். அப்போதுதான் பந்து உருளும். ஆட்டத்தில் லயித்துப்போனவர் பட்டனை விடச் சொன்னால் ரிமோட்டையே விட்டுவிடுவார். பந்தை எறிந்தால் விரல் விரியும், அது பிறந்ததிலிருந்து செய்துவரும் வேலை. கயிறு மாட்டாதவர் ரிமோட் நேராக டிவிக்குத்தான் போகும், ஏனென்றால் ஆட்டமே டிவியைப் பார்த்து எறிவதுதான்.

நேரமும் பொல்லாத நேரம். வீடுகளில் டப்பா டிவி போய்த் தட்டை டிவி வந்துகொண்டிருந்த சமயம் அது. பழைய பிக்சர் டியூபின் முன்கண்ணாடி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கனம். ரிமோட் அதில் பட்டால் ரிமோட்டுக்குத்தான் சேதம். எல்சிடியில் அந்தக் கதை கிடையாது.

உடைந்தால் என்ன ஆகும்?

எல்சிடி பேனல் என்பது அரை மில்லிமீட்டர் அளவிலான இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் திரவப் படிகம். எல்இடி டிவி என்று கடையில் விற்பதும் இதுதான், பின்னாலிருந்து வரும் வெளிச்சம் மட்டும் எல்இடி. மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தால், அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்த்தால் பல சமயம் வழவழவென்றுதான் இருக்கும், ஒரு சின்னக் குழிகூடத் தெரியாது. டிவியைப் போட்டால்தான் தெரியும்: உள்ளே சிலந்தி வலை போல விரிசல், அதைச் சுற்றி மை கொட்டினாற்போல் ஒரு கறுப்பு, அங்கிருந்து மேலும் கீழுமாக ஓடும் பச்சை, ஊதாக் கோடுகள். கண்ணாடியின் மேல் ஓடும் நுண்ணிய மின்தடங்கள் அறுந்ததன் அடையாளம் அந்தக் கோடுகள். மெக்கானிக் வந்து பார்த்ததும், ஸ்க்ரூடிரைவரை எடுக்காமலேயே, "பேனல் போச்சு சார்" என்பார். பேனலை ஒட்டவோ பாலிஷ் போடவோ வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். டிவியின் விலையில் பெரும்பங்கு பேனல்தான் என்பதால், மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கம்பெனி வாரண்டி இதற்குச் செல்லாது. வெளியிலிருந்து பட்ட அடி எந்த பிராண்டின் வாரண்டி அட்டையிலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

ஆக, ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே தள்ளிவிடலாம்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வீசிய கையிலிருந்து நழுவும் பொருள் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. அதாவது முதல் மாடி பால்கனிக்கும் கொஞ்சம் மேலேயிருந்து கன்ட்ரோலரை, கீழே படுக்க வைத்த டிவி மேல் போடுவதற்குச் சமம். எடையும் கணக்கில் வரும். ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்கான் ஒன்று சுமார் 50 கிராம்தான். சோனி 2010இல் கொண்டுவந்த, இதே மாதிரி கையில் வீசும் பிளேஸ்டேஷன் மூவ் கன்ட்ரோலர் 145 கிராம். ஒரே வேகத்தில் போனால் மூவ் கொடுக்கும் அடி ஜாய்கானைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இன்றைக்கு நிலைமை அந்தக் காலத்தை விடக் கொஞ்சம் தேவலை என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். கொஞ்சம்தான்.

காசு செலவாகாத வழி

மணிக்கட்டுக் கயிறு, அதாவது ஸ்ட்ராப், ஸ்விட்ச் பெட்டியிலேயே வருகிறது. ஆனால் வாங்கியவர்களில் பல பேர் அதைப் பெட்டியை விட்டு எடுப்பதே இல்லை. ஜாய்கான் ஸ்ட்ராப்பில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருக்கும். கன்ட்ரோலரில் இருக்கும் குறியும் ஸ்ட்ராப்பின் குறியும் ஒன்றாக இருக்கும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் சிக்கிக்கொண்டு, கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். சரியாகச் செருகியதும் அடியில் ஒரு சின்னத் தாழ் இருக்கிறது, அதைப் போட வேண்டும். பிறகு கையைக் கயிற்றுக்குள் விட்டு, கயிற்றில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை மணிக்கட்டு வரை தள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு மெலிசு. பூட்டு தளர்ந்திருந்தால் கயிறு கையோடு கழன்று வந்துவிடும், அப்போது கயிறு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஸ்விட்ச் 2 வாங்குபவர்கள் கவனிக்க: அதன் கன்ட்ரோலர்கள் காந்தத்தால் ஒட்டுபவை, பழைய ஸ்ட்ராப் அதில் சேராது.

ஸ்ட்ராப் தவறும் நேரம் ஒன்று உண்டு, கை மாறும் நேரம். "அடுத்தது நான்" என்று தங்கை பிடுங்குவாள், ஆட்டம் நிற்காது, கயிறு தொங்கிக்கொண்டேயிருக்கும். ஆளுக்கொரு ஸ்ட்ராப் மாட்டிய கன்ட்ரோலர் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. கூடுதலாக ஒரு ஜோடி ஜாய்கான் வாங்குவது ஸ்கிரீன் கார்டை விட நல்ல செலவு என்றுகூடச் சொல்வேன். நான்கு பேர் சேர்ந்து ஆடவும் ஆகும்.

அப்புறம், யாரும் யோசிக்காத ஒரு விஷயம்: எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? வீயில் டிவிக்கு மேலோ கீழோ ஒரு சென்சார் பட்டை இருக்கும். ரிமோட்டால் திரையில் எதையாவது சுட்டும்போது அது அந்தப் பட்டையைப் பார்க்க வேண்டும் என்பதால், அப்போது டிவிக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. ஜாய்கானுக்கு அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் சென்சார்கள் கையின் அசைவை அளக்கின்றன, டிவி எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. ஆகவே உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் டிவி பக்கம் வைத்து ஆடலாம். வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது கன்ட்ரோலர் நழுவினால் அது நேராகவோ இடப்பக்கமாகவோதான் பறக்கும். அதனால் இடப்பக்கம் திரும்பி நின்றால் அது போய் விழுவது சோபாவிலோ சுவரிலோ. பௌலிங்குக்கும் இதே கணக்கு. பேக்ஹேண்டுக்கு இது உதவாது, அங்கே எல்லாம் தலைகீழ். இன்னொருவர் பக்கத்தில் ஆடினால் அவர் இந்தப் பாதையில் நிற்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே ஃபேன் வேறு சுற்றுகிறது. ஆறடி ஆள் கையைத் தூக்கி செர்வ் அடித்தால் கை கிட்டத்தட்ட எட்டடி எட்டும், கன்ட்ரோலர் அதற்கும் மேலே. தாழ்ந்த கூரை வீட்டில் டிவியை விட இதுதான் பெரிய ஆபத்து. மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஆடச் சொன்னால் யார் கேட்பார்கள், அது வேறு விஷயம். ஃபேனுக்கு நேர் கீழே நிற்காதபடி டீபாயை நகர்த்தி இடம் ஒதுக்கிவிடுங்கள். வேர்த்த கையைத் துடைக்க ஒரு துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்கிரீன் கார்டு

ஆக்ரிலிக் தகடுதான். டிவியின் மேல்விளிம்பில் கொக்கி போல மாட்டி, பின்னால் பட்டை போட்டு இறுக்குவது வழக்கம். அளவைப் பொறுத்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நல்ல தெளிவான ஆக்ரிலிக் சுமார் 92 சதவீத வெளிச்சத்தை விடும், அதனால் படம் மங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை பிரதிபலிப்பில்தான். எதிரே ஜன்னல் இருந்தால் பகலில் படத்தைவிட உங்கள் முகம் நன்றாகத் தெரியும். கீறலும் சீக்கிரம் விழும். தூசியோடு உலர்ந்த துணியால் ஒரு தடவை தேய்த்தால் போதும், நிரந்தரக் கோடு.

வாங்குமுன் ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும்: தகட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் இடைவெளி விடுகிறதா? தகடு பேனலோடு ஒட்டிக்கிடந்தால் அடி அப்படியே உள்ளே இறங்கும். சில மில்லிமீட்டராவது விட்டு நின்றால்தான் தகடு வளைந்து அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். எடை விளிம்பில்தான் நிற்க வேண்டும், பேனல் மேல் சாயக் கூடாது. விளிம்பே இல்லாதது போல் வரும் இப்போதைய மெல்லிய டிவிகளில் இதுவே பெரிய தொல்லை, கொக்கி மாட்ட இடமிருக்காது. பாலிகார்பனேட் தகடு கிடைத்தால் அது ஆக்ரிலிக்கை விட அடி தாங்கும், ஆனால் அதுவும் கீறும்.

கார்டின் உண்மையான பலன் கேமில் மட்டும் இல்லை. ஹாலில் கிரிக்கெட் ஆடுகிற பையன், பொம்மைக் காரை எறிகிற இரண்டு வயதுக் குழந்தை, பந்து, செருப்பு, எல்லாவற்றுக்கும் அது நிற்கும். வீட்டில் ஏழெட்டு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கேம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கலாம். கேமுக்காக மட்டும், அதுவும் கல்லூரிப் பையன் ஆட, என்றால் அந்தக் காசில் வேறு கேம் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய டிவியை எடுங்கள்

எனக்குப் பிடித்த வழி இதுதான். புது டிவி வந்ததும் பழைய முப்பத்திரண்டு இன்ச் எக்ஸ்சேஞ்சில் போகும், இல்லை கட்டிலுக்கு அடியில் போகும். எக்ஸ்சேஞ்சில் அதற்குத் தரும் விலையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எச்டிஎம்ஐ பொருத்தும் இடம் ஒன்று இருந்தால் போதும், ஸ்விட்ச் அதில் ஓடும். படுக்கையறையிலோ மொட்டை மாடி அறையிலோ அதை வைத்துவிட்டால், உடைந்தாலும் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். சின்னத் திரையில் இரண்டு பேர் ஆடும்போது படம் பாதி பாதியாகப் பிரிந்தால் கண்ணுக்குச் சிரமம்தான், அதை மறைக்கவில்லை. ஸ்டாண்டில் நிற்கிற டிவியைச் சுவரோடு ஒரு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். கன்ட்ரோலர் படுவதை விட, ஓடி வந்த பிள்ளை முழங்கையால் இடித்து டிவியே தலைகுப்புற விழுவதற்கு வாய்ப்பு அதிகம்.

புரொஜெக்டரும் கன்ட்ரோலர் இல்லாத கேமும்

சுவரை உடைக்க முடியாது என்பது புரொஜெக்டரின் பெரிய பலம். ஆனால் ஆடுபவர் ஒளிக்கு நடுவில் போனால் திரையில் அவர் நிழல்தான் ஆடும். இதைத் தவிர்க்கச் சுவருக்குப் பக்கத்திலிருந்தே படம் காட்டும் ஷார்ட் த்ரோ வகை வேண்டும், அதன் விலை டிவி விலையை எட்டிவிடும். மலிவான புரொஜெக்டர்களில் கை வீசியதற்கும் திரையில் மட்டை அசைவதற்கும் நடுவில் தாமதம் தெரியும். டென்னிஸில் அது கொல்லும். பகலில் ஜன்னலை மூட வேண்டும். டிவியைக் காப்பாற்ற மட்டும் புரொஜெக்டர் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் எறிய என்ன இருக்கிறது? மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் கொண்டுவந்த கினெக்ட் அந்த எண்ணத்தில் வந்ததுதான். கேமரா உடம்பைப் பார்க்கும், உடம்பே கன்ட்ரோலர். ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் சோபாவையும் டீபாயையும் வைத்துக்கொண்டு எட்டடி எங்கே போவது? 2017இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இன்று பழைய சாமானாகத்தான் கிடைக்கும். அமெரிக்காவில் நெக்ஸ் பிளேகிரவுண்ட் என்ற கேமராப் பெட்டி சின்னப் பிள்ளைகளுக்கென்றே விற்கிறது. அங்கே இருப்பவர்கள் பார்க்கலாம். இடப் பிரச்சினை அதிலும் அதேதான்.

கண்ணை மூடி மாட்டிக்கொண்டு உள்ளேயே படம் பார்க்கும் விஆர் ஹெட்செட்டோடு ஆடுவது தனி ரகம். ஆடுபவருக்கு டிவி கண்ணிலேயே தெரியாது. பிரிட்டனின் அவிவா நிறுவனம், 2021இல் விஆர் சம்பந்தப்பட்ட வீட்டுப் பொருள் க்ளெய்ம்கள் 31 சதவீதம் கூடியதாகவும், ஒரு க்ளெய்மின் சராசரி சுமார் 650 பவுண்டு என்றும் சொன்னது. ஆனால் தீர்வும் இதில்தான் மிக எளிது. விஆர் ஆட டிவியே வேண்டாம். டிவி இல்லாத அறைக்குப் போய்விடுங்கள், அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ்

இது உடைவதைத் தடுக்காது, உடைந்த பிறகு அழுகையைக் குறைக்கும். கடையில் டிவியோடு தலையில் கட்டப் பார்க்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் டிவி தானாகப் பழுதானால்தான் செல்லும். கன்ட்ரோலர் பட்டு உடைந்ததற்குச் செல்ல வேண்டுமென்றால், விபத்தால் ஏற்படும் சேதம் என்று அதில் தனியாக எழுதியிருக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்னது போதாது, தாளில் இருக்கிறதா பாருங்கள்.

வீட்டுக் காப்பீட்டில், 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா அடிப்படையில் தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றுக்கானது. வீட்டுச் சாமானும் அதில் அடங்கும்தான், ஆனால் பௌலிங்கில் உடைந்த டிவிக்காக அதை நம்பி இருக்க வேண்டாம். ஹவுஸ்ஹோல்டர் என்ற பெயரில் வரும் பாலிசிகளில் டிவிக்கும் வீட்டு மின்சாதனங்களுக்கும் தனிப் பிரிவு சேர்த்துக்கொள்ள முடியும். அதில் வெளிக் காரணத்தால் ஏற்படும் விபத்து உண்டா, தேய்மானம் எவ்வளவு கழிப்பார்கள், முதல் எவ்வளவு ரூபாயை நாமே ஏற்க வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். நான்கு வருஷம் ஓடிய டிவிக்குத் தேய்மானம் கழித்தபின் கையில் வருவது பிரீமியத்துக்குப் பக்கத்தில் இருந்தால், எதற்கு அந்த அலைச்சல்? லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே வீட்டுப் பொருள் காப்பீடு பல பேரிடம் ஏற்கெனவே இருக்கிறது, டிவிக்கு விபத்துச் சேதம் அதிலேயே அடங்குவதும் உண்டு. கார்டு வாங்குமுன் அந்தப் பாலிசியை எடுத்துப் படித்துவிடலாம். ஒரு தடவை க்ளெய்ம் செய்தால் அடுத்த வருஷப் பிரீமியம் ஏறக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பழைய டிவி வீட்டில் கிடக்கிறவர்கள் அதைத் தூசு தட்டி எடுங்கள், வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஒரே டிவி, பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல் என்றால் ஸ்ட்ராப், உடம்பைத் திருப்பி நிற்கும் பழக்கம், இன்னொரு ஜோடி ஜாய்கான். ஒரே டிவி, சின்னப் பிள்ளைகள், சின்ன ஹால் என்றால் ஸ்ட்ராப்போடு கார்டும். ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு ஓஎல்இடி வாங்கியிருந்தால், அந்த ஹாலில் இந்தக் கேமையே ஆட விட மாட்டேன். அதன் பேனல் இன்னும் மெலிசு.

கார்டுதான் வாங்குவது என்று முடிவானால், பெட்டியில் போட்டிருக்கும் இன்ச் கணக்கை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். அது திரையின் மூலைக்கு மூலை அளவு. ஒரே 55 இன்ச்சில் பிராண்டுக்குப் பிராண்டு விளிம்பு மாறும். டேப் எடுத்து வெளி அகலம், வெளி உயரம், மேல்விளிம்பின் கனம் மூன்றையும் அளந்து, விற்பவர் தரும் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். வெட்டிய ஆக்ரிலிக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் யாரும் இல்லை.